பதினாறாம் அத்தியாயம்

ஷைனாவின் அப்பா லெஸ்லி, குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இருபது நாளாக ஊட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்மூடிக் கிடந்தார். பேச்சில்லை. எமரால்டு கிராமத்தில் டீச்சராக இருந்த ஷைனா, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பகல் முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அலுப்புத் தாங்காமல் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு மர்ம நாவல் வாங்கிவந்தாள். அப்பாவுக்கும் கேட்கட்டுமென்று வாய்விட்டு வாசித்தவள், பாதியில் அசந்து தூங்கிவிட்டாள்.

நர்ஸ் செல்வி தட்டி எழுப்பினாள்.

"ஏனுங்க, உங்கப்பா இப்பத்தான் பேசினாருங்க. டிரைவர்தான் கொன்னான்னு தெளிவாச் சொன்னாரு. யாருங்க அது?"

ஷைனா வாசித்த வரையில் டிரைவர் என்று யாருமே வரவில்லை. மீதியை வேகமாகப் புரட்டினாள். பதினாறாம் அத்தியாயத்தில்தான் டிரைவர் வந்தான். கொன்றவன் அவனேதான்.

அப்பாவை எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

மறுநாள் கடைக்காரர், அப்போதுதான் வந்திறங்கிய புத்தகக் கட்டைப் பிரித்துப் புது நாவலொன்றைக் கொடுத்தார். கட்டிலருகே உட்கார்ந்து முதல் வரியை வாசித்தாள்.

"வேண்டாங் கண்ணு," என்றார் அப்பா. கண்கள் மூடியே இருந்தன. "இதுல அந்தச் சின்னப்புள்ள செத்துப்போயிருது."

ஷைனா பதறிப்போய்ப் புத்தகத்தை மூடினாள்.

"அப்பா, இன்னொருக்காப் பேசுங்கப்பா."

வெகுநேரம் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பிறகு புத்தகத்தைத் திறந்து, இரண்டாம் வரியை வாசித்தாள்.