நாலு பத்துக்கு எழும் முள்

நசீமா டீச்சரின் பதினெட்டு வருடப் பழைய காரில், பிரேக் கோளாறைக் காட்டும் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை. ஸ்பீடோமீட்டர் முள்ளும் எழவில்லை. சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் போய்விட்டது என்றார் மெக்கானிக் மரியதாஸ். புதிது கிடைக்காததால், காயலான் கடையில் விபத்தில் முகம் நசுங்கிக் கிடந்த அதே மாடல் காரிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து மாட்டினார். விளக்கு அணைந்தது. ஆனால் அன்று மாலை நாலு பத்துக்கு, ஜாக்கியில் நின்ற காரில், சாவி போடாமலே முள் எண்பதுக்கு எழுந்தது. பிரேக் மிதி தானாக அமுங்கி, அவசரத்தில் அடித்த பிரேக் போலத் தடதடத்தது. முள் நாற்பதுவரை மெல்ல இறங்கி, எதிலோ மோதி நின்றதுபோல அங்கிருந்து சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. மறுநாள் அதே நேரம், முப்பத்தொன்றுவரை இறங்கி விழுந்தது. அதற்கடுத்த நாள் இருபத்துநாலு. மரியதாஸ் ஒவ்வொன்றையும் சாக்பீஸால் சுவரில் எழுதிவைத்தார். எட்டாம் நாள் நசீமா வந்து சத்தம் போட்டார்.

"ஒரு சென்சார் மாட்ட ஒரு வாரமாண்ணே?"

மரியதாஸ் கார்க் கதவைத் திறந்து காட்டினார். நாலு பத்து ஆனதும் முள் எழுந்தது, மிதி நடுங்கியது. இந்த முறை மூன்றுவரை வந்துவிட்டு விழுந்தது. நசீமா சுவரில் இருந்த எண்களை மேலிருந்து கீழாகப் படித்தார்.

"கழட்டிரட்டுமா டீச்சர்?"

"வேணாம்ணே. நாளைக்கு வர்றேன்."

மறுநாள் நாலு மணிக்கே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முள் எண்பதுக்கு எழுந்ததும், நடுங்கிக்கொண்டே அமுங்கிய அந்த மிதியின்மேல் தன் காலையும் வைத்து அழுத்தினார்.