சோலார் காட்டில் நஞ்சப்பன்

அரூர்ப் பக்கத்துச் சோலார் பண்ணைக்குள் நஞ்சப்பன் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார். நடந்த நடைக்குக் கர்நாடகாவே வந்திருக்க வேண்டும். கேட் மட்டும் வரவில்லை.

ஒதுங்கி நின்று மனைவிக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தார்.

“மாதம்மா, வெளிய வர வழி தெரியல.”

“நீங்க குத்தகைக்கு வுட்ட நெலந்தானுங்க. காலமெல்லாம் ஏர் ஓட்டுனீங்களே?”

“அப்ப புளியமரம் இருந்துச்சு, கெணறு இருந்துச்சு. இப்ப எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே பேனலு.”

“சத்தம் போட்டு யாரையாச்சும் கூப்புடுங்க.”

“கூப்புட்டா வேல போயிடும்.”

போனை வைத்துத் திரும்பினார். பண்ணையைப் பார்க்க வந்த ஒரு பஸ் கூட்டம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தது. ஊர்க்காரருக்குத்தான் மூலைமுடுக்கெல்லாம் தெரியும் என்று கம்பெனி அவரை வழிகாட்டியாக வைத்திருந்தது.

“இந்த வரிசைலதான் வெயில் அம்சமா வுழும்ங்க,” என்றார் நஞ்சப்பன். “வாங்க, இன்னொருக்கா பாத்துரலாம்.”