நேயர்கள் பார்த்த படையெடுப்பு

"'வேற்றுக்கிரகத் தளபதி கையில கட்டியிருக்கிற வாட்ச், எங்க வீட்டுக்காரர் கட்டுற அதே வாட்ச். அவங்க கிரகத்துலயும் அதே கடைதானா?'ன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க சார்!"

நேயர் கருத்தைத் தயாரிப்பாளர் படித்து முடித்ததும் மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அப்பாடா, மனுஷன் சிரித்துவிட்டார் என்று அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

பின்னே? அது ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையம். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமியைப் பிடிக்க வரும் அரதப்பழசான நாலு பாகத் தொடர் ஒன்றை, "கண்டிப்பா ஓடும் சார்" என்று ஒற்றைக் காலில் நின்று வாங்க வைத்தவள் அவள்தான். மேலாளரும் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "சரிம்மா, நாலு ஞாயிறு போடுவோம். நேயர்கள் யாரும் சீந்தலேன்னா உங்களை மலைமேல இருக்கிற கிளைக்கு மாத்திடுவேன்."

கணவனுக்கு வேலை இந்த ஊரில், மகளுக்குப் பள்ளிக்கூடம் இந்த ஊரில். மாற்றல் என்றால் குடும்பம் ஆளுக்கொரு திசைதான். உத்தரவு தயாராகி மேலாளரின் மேசையில், தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது?" என்றார் மேலாளர்.

கேமராக்காரர் தொண்டையைச் செருமினார். எல்லோருக்கும் அவர் அண்ணன். "'பறக்கும் தட்டைக் கட்டித் தொங்கவிட்ட கயிறு பளிச்சுன்னு தெரியுது. கதை சுமார். ஆனா ஒளிப்பதிவு இருக்கே, அபாரம்!' பாருங்க சார், விஷயம் தெரிஞ்ச ஆளு."

"கயிறு தெரிஞ்சா என்ன, பார்க்கிறதுக்கு ஆள் இருந்தா போதும்" என்று குலுங்கினார் மேலாளர்.

அடுத்து மேக்கப் சித்தி. வயது என்னவோ நாற்பதுதான். நிலையமே சித்தி என்று கூப்பிட, அவளும் பழகிப்போனாள். "இந்தம்மா என்ன சொல்றாங்கன்னா, 'கடைசிப் பாகத்துல அந்த வேற்றுக்கிரக டாக்டர் பொண்ணு சாகிறப்ப அழுதுட்டேன். பச்சை மேக்கப் கடைசிவரைக்கும் கலையவே இல்ல. அதைப் போட்ட கைக்குத் தங்க வளையல் போடணும்'ங்கிறாங்க."

"அழாம இருக்க முடியுமா?" மேலாளர் மூக்கை உறிஞ்சினார். "போன ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரியும் டிவி முன்னாடி உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதோம். அவ சாப்பிடவே இல்ல."

இவருக்குள் இப்படி ஓர் ஈர நெஞ்சா என்று தயாரிப்பாளர் அதிசயித்தாள். கூடவே கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் குறுகுறுத்தது. உண்மையைச் சொன்னால், அந்தத் தாள்களில் இருந்த இரண்டு கருத்துகள் அவளே எழுதியவை. முதல் வாரம் நிலையத்தின் இணையப் பக்கத்தில் ஒரு வரிகூட வராததைப் பார்த்துவிட்டு, கள்ளப் பெயரில் ஒன்று திட்டியும் ஒன்று பாராட்டியும் போட்டிருந்தாள்.

ஆனால் அதற்கப்புறம் அடைமழையல்லவா கொட்டியது! முப்பதுக்கும் மேலே! வாட்ச் அம்மா, கயிற்றைக் கண்டுபிடித்தவர் எல்லாரும் அசல் நேயர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துவைக்கவும் தேய்க்கவுமே அவளுக்குப் பொழுது போய்விடும், ஒளிபரப்பைப் பார்க்க உட்காரவில்லை; தொடர்தான் மனப்பாடமாயிற்றே. ஒளிபரப்புக்கு முன்பே தன் வீட்டுப் பழைய கேசட் பிளேயரைத் தூக்கிவந்து, மதிய இடைவேளையில் நிலையம் முழுவதற்கும் போட்டுக் காட்டியவளே அவள்தான். யாரோ முகம் தெரியாதவர்களுக்கும் அது பிடித்திருக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கண் கலங்கியது.

கடைசித் தாளை மேலாளரே எடுத்துப் படித்தார். "'இப்படியொரு தொடரைத் துணிஞ்சு ஒளிபரப்பிய மேலாளரின் ரசனைக்கு என் வணக்கம்.' ஹும்! ஜனங்களுக்கு எல்லாம் புரியுதும்மா."

சொல்லிவிட்டு மாற்றல் உத்தரவை உருவினார். இரண்டாகக் கிழித்து, அதை நாலாகவும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"சார்..." அவள் குப்பைக் கூடையையே பார்த்தாள்.

"நீங்க எங்கயும் போக வேண்டாம். ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, நானே பார்த்தேனே! வர்ற ஞாயிறே மறு ஒளிபரப்பு. எங்க நம்ம ஒளிபரப்பு அறைக்காரர்? கூப்பிடுங்க அவரை."

ஒளிபரப்பு அறைக்காரர் கதவுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக வந்து நின்றார். யாரிடமும் அதிகம் பேசாத மனிதர்.

"வாங்க, வாங்க! அந்தப் படையெடுப்புத் தொடர் இருக்கில்ல? நாலு பாகத்தையும் இன்னொரு தடவை போடணும்."

அவர் தலையைச் சொறிந்தார். "இன்னொரு தடவையா? முதல் தடவையே இன்னும் போகலையே சார்."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது பழைய கேசட்டு. அதைப் போடுற மெஷினே நம்மகிட்ட இல்ல. மெஷின் கேட்டா திட்டுவீங்களேன்னு பயந்துக்கிட்டு, நாலு ஞாயிறும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைத்தான் ஓட்டினேன். யாராவது போன் பண்ணிக் கேட்டா சொல்லிடலாம்னு காத்திருந்தேன் சார். ஒருத்தரும் கேட்கல."

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். சித்தி தன் நகத்தைப் பார்த்தாள். அந்த இருவரையும் பார்த்த தயாரிப்பாளர், மெல்ல மேலாளர் பக்கம் திரும்பினாள்.

மேலாளர் அவள் கண்ணைப் பார்க்காமல், கருத்துத் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "சரி சரி, கருத்தெல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. இந்த வாரமாவது படத்தைப் போடுங்கய்யா!"