வாசித்துக் காட்டியவள்

நிகழ்ச்சியை நடத்திய வகுப்புத் தோழன் தாஹிர் என் பெயரைச் சொன்னதும் மண்டபம் கைதட்டியது. சேலையைச் சரிசெய்துகொண்டு மேடையேறினேன்.

மூன்று வருட ஆங்கில டிப்ளோமாவை முடித்து வெளியேறும் இருபத்து மூன்று பேர் நாங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், கல்லூரி நாட்களைப் பற்றி, ஆங்கிலத்தில் பேச வேண்டும். பிரியாவிடை அப்படித்தான் நடக்க வேண்டும் என்று வகுப்பே முடிவெடுத்தது. கடைசியாகப் பேச எழுந்தவள் நான்.

அப்பாவும் அம்மாவும் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, அவசரமாகக் குளித்துவிட்டு வந்தவர்கள். ஆங்கிலம் விளங்காது. ஆனாலும் நான் வாய் திறக்கும் முன்பே அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

முதல் வருடம் பேச்சுப் பரீட்சையில் தவறியவள் நான் என்று ஆரம்பித்தேன்.

பரீட்சகர் கேட்டது என் ஊரைப் பற்றி. மனதுக்குள் எல்லாம் இருந்தது. வாயில் ஒரு சொல் வரவில்லை. நான்கு நிமிடம் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முடிவு வந்த அன்றே நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாலாவியில் ஒரு துணிக்கடையில் ஆள் தேவை என்று மாமா சொல்லியிருந்தார்.

வெளியே வந்தபோது வாசலில் றொபின்சன் நின்றான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். என் வகுப்புத்தான். நுரைச்சோலையில் ஏறி, நான் வரும் பஸ்ஸில்தான் வருவான். அதுவரை அவனோடு பத்து வார்த்தை கதைத்திருக்க மாட்டேன்.

“சுலக்சனா, பஸ்ஸில எனக்குப் பாடம் வாசிச்சுக் காட்டுவீங்களா? வேற ஆளில்ல,” என்றான்.

மறுக்க முடியவில்லை. ஒரு வாரம் வாசித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு நின்றுவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த ஒரு வாரம் இரண்டு வருடமானது.

பக்கத்துச் சீற்றில் என் பையை வைத்து அவனுக்கு இடம் பிடிப்பேன். நுரைச்சோலையில் ஏறி உட்காருவான். புத்தளம் வரும்வரை வாசிப்பேன். பஸ் இரைச்சலில் கேட்காது, சத்தமாக வாசியுங்கள் என்பான். முதல் நாள் முழுப் பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் காது சுட்டது.

அவன் லேசில் விடுகிற ஆளில்லை. “விளங்கல்ல, இன்னொருக்கா,” என்பான். ஒரே சொல்லை ஆறு தரம் சொல்ல வைத்திருக்கிறான். இவனுக்குக் காதும் மந்தமோ என்று எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு.

இதைச் சொன்னபோது மண்டபம் சிரித்தது. றொபின்சனும் சிரித்தான்.

இரண்டாம் வருடம் ஒரு நாவல் பாடமாக வந்தது. மீன்கூடையோடு முன் சீற்றில் வரும் மாக்கிறட் அன்ரி ஒரு நாள் திரும்பி, அது என்ன கதை என்று கேட்டார். அன்றிலிருந்து ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு அவருக்குத் தமிழிலும் சொன்னேன். கதாநாயகி இறந்த அன்று கொண்டக்டரும் காது கொடுத்துக் கேட்டார். தொண்டை கட்டிய நாட்களில் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு வாசித்தேன். பயம் எந்த மாதத்தில் போனது என்று எனக்கே தெரியாது.

“இந்த வருடம் எங்கள் வகுப்பில் முதலாவதாக வந்தவர் றொபின்சன். அந்தப் பெறுபேற்றில் என் குரலும் கொஞ்சம் இருக்கிறது. இந்தக் கல்லூரியில் நான் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான்,” என்று ஆங்கிலத்தில் முடித்தேன்.

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அப்பா பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தொட்டு, என்னைக் காட்டி, ஏதோ சொன்னார். சொன்னது கேட்கவில்லை. “என்ர பிள்ளை” என்று உதடு அசைந்தது தெரிந்தது.

இறங்கி வந்து என் கதிரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் றொபின்சனின் தங்கச்சி டிலுக்ஷி. பள்ளியில் உயர்தர வகுப்பில் படிப்பவள். அன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்க்கிறேன். அவளுக்கு அந்தப் பக்கம் றொபின்சன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு சொன்னாள்.

“அக்கா, அண்ணாக்கு வாசிக்க ஆள் தேவையில்லயே. சேர்ந்த மாசமே எல்லாப் புத்தகத்தையும் நான் ஸ்கேன் பண்ணிக் குடுத்திட்டன். கொம்பியூட்டரே வாசிச்சிரும். முந்தின நாளே பாடத்தக் கேட்டு முடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுவார்.”

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவள் தொடர்ந்தாள்.

“அண்டைக்கு லைபிரரியில நீங்க புத்தகங்களக் குடுத்திட்டு அழுதது கேட்டதாம். படிப்ப விடப்போறீங்கண்டு வீட்ட வந்து சொன்னவர்.”

நான் ஆறு தரம் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவனுக்கு விளங்காத சொல் அதில் ஒன்றுகூட இருந்திருக்கவில்லை.

மேடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதையெல்லாம் நினைத்தேன். முகம் சுட்டது. ஆனால் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அப்பாவும் உட்காரவில்லை.

டிலுக்ஷியைத் தாண்டிக் குனிந்து கேட்டேன்.

“றொபின்சன், உங்கட கொம்பியூட்டர் நல்லா வாசிக்குமாமே?”

மாட்டிக்கொண்டவன்போலத் தலையைச் சொறிந்தான்.

“ஓம், உங்களவிட நல்லா வாசிக்கும்,” என்றான். “ஆனா அது பேச்சுப் பரீட்சையில பெயிலாகல்லயே.”