ஐந்தாவது லட்சுமி

லட்சுமி என்ற பெயருக்குத் தன் குடும்பத்தில் நடந்த அநியாயங்களை ரசலையன் வரிசை தப்பாமல் சொல்வார்.

ஒன்று. பாட்டனாரின் அம்மைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். "எனக்க மகளுக்க பேரு உனக்க குடிசையில கேக்கப்பிடாது" என்று பண்ணையார் அவளுடைய தகப்பனைத் தென்னையில் கட்டி அடித்தார். பேர் சிதைந்து, சாகும்வரை அவள் எலச்சி.

இரண்டு. பாட்டனாரின் தங்கைக்கு வைத்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்க வந்த பாதிரி ஐயர், "அது வேற சாமிக்க பேரு" என்று லில்லி ஆக்கிவிட்டுப் போனார்.

மூன்று. ரசலையனின் தங்கைக்கு வைத்தார்கள். அப்போது ஊரெல்லாம் லட்சுமிதான். வகுப்பிலேயே நாலு பேர். குழப்பம் வரக்கூடாதென்று வாத்தியார் இவளைக் 'கறுத்த லட்சுமி' என்று விளித்தார்.

நாலு. சொந்த மகளுக்கு வைத்தார். பதினெட்டு முடிந்ததும் அவளே அரசிதழில் கொடுத்து ரேஷ்மி என்று மாற்றிக்கொண்டாள். பழைய பேராம்.

முதல் மூன்றுக்கும் எதிரி உண்டு. நாலாவதுக்கு எந்த வாசலில் போய் மறியல் இருப்பது?

அதனால் மகன் அனீஷின் பெண்குழந்தையை அவர் விடுவதாக இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். இன்னும் பேர் முடிவாகாமல் பிள்ளையை எல்லோரும் 'வாவ' என்றுதான் விளித்தார்கள்.

"அய்ரான்னு வைக்கணும்ங்கியே, அதுக்கு என்ன அர்த்தம்? சொல்லு பாப்போம்."

"போன்ல பாத்துட்டுச் சொல்லுதேன் மாமா" என்றாள் மருமகள் ரெஜிஷா.

"பாத்தியா! லட்சுமிக்கு நான் பாக்காமச் சொல்லுவேன். பணம் காசுங்கது பொறவு வந்த அர்த்தம். மொதல்ல அதுக்கு அர்த்தம் அடையாளம். நமக்கு ஒரு அடையாளமும் இருக்கப்பிடாதுன்னுதான் அந்தப் பேரைப் பறிச்சானுவ."

"இப்ப லட்சுமின்னு வெடிக்குத்தான் மாமா பேரு வைக்கானுவ."

அனீஷ் சிரித்துவிட்டான். ரசலையனுக்கு மேடைக்குரல் ஏறியது. ரப்பர் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசிய குரல். நடுவில், பின்கட்டிலிருந்து வேலைக்காரப் பெண் ஏதோ கத்தினாள்.

"ஏட்டி பெங்காலி! இங்க பேசிட்டிருக்கோம்லா? ஒச்சை வைக்காத!"

அவள் அடங்கினாள். அவர் தொடர்ந்தார்.

பால் கொடுக்க எழுந்து போன ரெஜிஷா அலறியதில்தான் பேச்சு நின்றது.

தொட்டில் காலி. வேலைக்காரி இல்லை. பின்வாசல் திறந்து கிடந்தது.

"கொண்டு போயிட்டா! எனக்க பிள்ளையக் கொண்டு போயிட்டா!"

கோழிக்கூடு, ரப்பர் ஷீட் காயப்போடும் அறை, பக்கத்துத் தென்னை விளை. எங்குமில்லை. லத்தியையும் லாக்கப்பையும் கண்டவர்தான் ரசலையன்; ஆனால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க அவரால் முடியவில்லை. அனீஷை அனுப்பிவிட்டு அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அனீஷ் இல்லையென்று தலையாட்டினான்.

"அப்ப பஸ் ஏறிட்டாடே. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள்ள போயிட்டான்னா பொறவு எங்க போய்த் தேட?"

போலீஸ் வந்தது. ஏட்டு எழுதத் தொடங்கினார்.

"கடத்துனவ பேரு?"

"பெங்காலி" என்றார் ரசலையன்.

"அது ஊரு பெரியவரே. பேரு?"

ரசலையன் அனீஷைப் பார்த்தார். அனீஷ் ரெஜிஷாவைப் பார்த்தான்.

"ஏஜெண்டுக்குத் தெரியும்..." என்றாள் ரெஜிஷா.

"எவ்வளவு காலமா வேலைக்கு நிக்கா?"

"ரெண்டு வருசம்."

ஏட்டு பேனாவை நிறுத்தி மூன்று பேரையும் பார்த்தார். "செரி. அங்க அடையாளமாவது சொல்லுங்க."

"கறுத்த பொண்ணு" என்றார் ரசலையன்.

அப்போது அனீஷின் போன் அடித்தது. ஆட்டோ ஓட்டும் ஜான்ரோஸ்.

"மக்கா, எங்க இருக்கிய? உங்க பிள்ளைய நான்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தேன். வேகம் வாங்க!"

ஏட்டு அவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்.

வாவ படுக்கையில் கைகால் உதைத்துக்கொண்டு கிடந்தது. நர்ஸ் குளோரி எல்லோரையும் முறைத்தாள்.

"கக்குன பாலு புரையேறி பிள்ளை நீலிச்சுப் போச்சு. இவ கமத்திப் போட்டு முதுவுல தட்டிட்டே ஓடி வந்து ஆட்டோவ மறிச்சிருக்கா. இல்லேன்னா பிள்ளை இல்ல, கேட்டியளா? வீட்டுல விளிச்சாளாம். ஒச்சை வைக்காதன்னு யாரோ விரட்டுனாவளாம்."

ரெஜிஷா பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அழுதாள். ரசலையன் தரையைப் பார்த்தார்.

செருப்பில்லாத கால்களோடு சுவரை ஒட்டி நின்றிருந்த அந்தப் பெண், காக்கிச்சட்டையைக் கண்டு இன்னும் ஒடுங்கினாள். "நான் எடுக்கல்ல சார்... வாவ மூச்சு இல்ல..."

"பயப்படாத பிள்ளே" என்ற ஏட்டு, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். "புகாரை முடிக்கணும். பெரியவரே, நீருதானே புகார் தந்தது? இவ பேரைக் கேட்டுச் சொல்லும்."

எத்தனையோ மேடை ஏறியவருக்கு இந்த ஒரு கேள்வி வாயிலிருந்து புறப்பட நேரமெடுத்தது.

"மக்கா... உனக்க பேரு என்ன?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தப்பான பதில் சொன்னால் அடி விழும் என்பதுபோல, மெதுவாகச் சொன்னாள்.

ஏட்டு எழுதி முடித்தார். ஜான்ரோஸையும் குளோரியையும் பக்கத்தில் அழைத்தார். "சாட்சி ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க" என்று உரக்கப் படித்தார்:

"புகார் கொடுத்தவர் பெயர், ரசலையன். குழந்தையின் பெயர், இன்னும் வைக்கவில்லை. குழந்தையின் உயிரைக் காப்பாற்றியவர் பெயர், சுக்மதி ஓராவ்."