ஹிலேரியன் முதுகில் ஒரு கை

என் புருஷன் ஹிலேரியனை வெந்நீர்க் குளத்துக்குள் தள்ளி, முதுகை வெறியோடு தேய்த்தேன். சாம்பல் சேறு கரைந்து ஓடியது. அதன்மேல் பதிந்திருந்த கறுப்புக் கைத்தடம் மட்டும் போகவில்லை.

எங்கள் எரிமலை ஊரான சூஃப்ரியேரில் சேறு பூச ஒரு முறை உண்டு. முதலில் உடம்பெல்லாம் சாம்பல் சேறு. அது வெயிலில் காய்ந்ததும், கறுப்புச் சேற்றைத் தொட்டு மேலே கையைப் பதிப்போம். புருஷன் முதுகில் பெண்டாட்டிதான் பதிக்க வேண்டும்.

நான் கறுப்புச் சேறு அள்ளி வருவதற்குள் எவளோ முந்திக்கொண்டாள்.

"யாருய்யா அவ?"

"யாரும் வரலை, அகாத். சத்தியமா."

சேற்று வாளிகளைக் கவனிக்கும் ஷெர்லின் சிரித்தாள். "புருஷன வெயில்ல காயப் போட்டுட்டுப் போனா, எவளாச்சும் எடுத்துட்டுத்தான் போவா."

குளத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருத்தியின் கையையும் இழுத்து அந்த அடையாளத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். திட்டினார்கள். ஒரு கையும் பொருந்தவில்லை. அவர்களுக்கெல்லாம் ஐந்து விரல். முதுகில் இருந்த கைக்குச் சுண்டுவிரல் இல்லை.

"எத்தனை விரலு?" என்று ஹிலேரியன் திரும்பாமலே கேட்டான்.

"நாலு."

அவன் மெல்லத் திரும்பினான். அவன் முகத்தில் பயம் இல்லை. என்னைப் பார்த்து ஒருநாளும் வராத ஒரு சிரிப்பு இருந்தது.

கொப்பரை வெட்டும்போது சுண்டுவிரலை இழந்தவள், அவனுடைய முதல் மனைவி ஃபிலோமின். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கையைச் சவப்பெட்டிக்குள் மடித்து வைத்தவள் நான்தான். அவள் என் அக்கா.