எலுமிச்சைச் சாற்றில் ஏழு

இருக்கிற மீட்டருக்கு என்ன குறைச்சல் என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. புது பி.எச். மீட்டரின் பெட்டியைப் பிரிப்பதிலேயே குறியாக இருந்தார்.

மீன் தொட்டித் தண்ணீரில் புளிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற, பேனா மாதிரி ஒரு கருவி அது. ஏழு காட்டினால் கவலை இல்லை. ரொம்பக் கீழே இறங்கினால் மீனுக்கு ஆகாது.

தொட்டி எங்கள் மகளுடையது. வேலை கிடைத்து வெளியூர் போகும்போது நாலு மீனையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். கண்ணு மாதிரி பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவர் இவர்தான். போன வாரம் அடுத்தடுத்து ரெண்டு செத்து மிதந்தன. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

புது மீட்டர் தொட்டியில் ஐந்தரை காட்டியது. பழசு அதே தண்ணீரில் ஏழு காட்டியது.

"பார்த்தீங்களா? இது வந்ததும் வராததுமா உளறுது. பழசு ஆறு மாசமா ஒரு நாள் மாறினது கிடையாது. அதை விட்டுட்டு இதை நம்புவீங்களா?"

"நீ போய் ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு எடுத்துட்டு வா."

முணுமுணுத்துக்கொண்டே பிழிந்து கொடுத்தேன். கிண்ணத்தில் புதுசை விட்டார். கிடுகிடுவென்று இரண்டரைக்கு இறங்கியது. பழசை விட்டார். பல் கூசுகிற அந்தச் சாற்றிலும் அது ஏழு என்றே காட்டியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முனையில இருக்கிற கண்ணாடிக் குமிழ் விரிசல் விட்டிருக்கு. இது எதுல விட்டாலும் ஏழுதான் காட்டும். மாறாம இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன் பாரு," என்றார்.

கால்வாசித் தண்ணீரை மாற்றினோம். ஒரேயடியாக மாற்றினால் அதுவும் மீனுக்கு ஆகாதாம். மிச்சம் ரெண்டும் பிழைத்துக்கொள்ளும் என்றார்.

கையைத் துடைப்பதற்குள் மகளின் போன். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வந்துவிடும். நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, வேலை நல்லாப் போகுதும்மா என்பாள். கடைசியில் மீன் எப்படி இருக்கு என்பாள். நாலும் ஜோரா இருக்கு என்பேன். ரெண்டு செத்த பிறகும் அதையேதான் சொல்லிவந்தேன். தனியாக இருக்கிற பிள்ளையை எதற்குக் கலங்கடிப்பது? அன்றைக்கும் அப்படியே சொல்லி வைத்தேன்.

இவர் அலமாரி மேலிருந்து பையை இறக்கினார். நாளைக் காலையில் கிளம்பி அவளைப் பார்த்துவிட்டு வரப் போகிறாராம்.

"அவதான் நல்லா இருக்கேன்னு சொல்றாளே. இப்ப எதுக்கு?"

"எட்டு மாசமா அதையேதான் சொல்றா. ஒரு நாள்கூடத் தலைவலின்னு சொன்னதில்ல, யாரும் திட்டினாங்கன்னு சொன்னதில்ல." பையைத் தூசு தட்டினார். "நாலும் ஜோரா இருக்குன்னு நீ சொல்ற மாதிரியே சொல்றா."

சுருக்கென்று தைத்தது. போனை எடுத்து நானே அவளைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு மீன் செத்துப்போச்சுடி. போன வாரமே. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

"நானும் நல்லா இல்லம்மா," என்றாள்.